றெஜி அண்ணையின் மேல்வரிசை

இரசிகர் என்பவர் மேடைக்குக் கீழே நிற்க வேண்டியவர். கை தட்டலாம், விசில் அடிக்கலாம், வயதை மறந்து ஆடிவிட்டு அடுத்த நாள் இடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கலாம். ஆனால் தன் மனதில் வைத்துக் கும்பிடும் பாடகரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அறை கொடுத்து, நண்டுக் கறி போட்டு வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருகோணமலையில் ஒரு உதாரணம் உண்டு. லிங்கநகரில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.

எங்கள் ஊரின் இசைக்குழுவுக்குப் பெயர் 'கச்சான்ஸ்'. வெளியூர்க்காரருக்கு இந்தப் பெயரை விளங்கப்படுத்துவதற்குள் உயிர் போய்விடும். கச்சான் என்றால் அவர்களுக்கு வறுத்துச் சுருளில் கட்டி விற்கிற கடலைதான். எங்களுக்கோ அது மேற்கிலிருந்து வீசுகிற சூட்டுக் காற்று. அது அடிக்கத் தொடங்கினால் கொடியில் போட்ட சீலை காயும், கூடவே மனிதரின் மூளையும் காயும். அந்தக் காற்று மாதிரி வீச வேண்டும் என்று ஐம்பது வருடங்களுக்கு முன் நாலு பெடியங்கள் நினைத்தார்கள். கிற்றார் இரண்டு, ட்ரம்ஸ் ஒன்று, கோயிலில் இரவல் வாங்கிய மைக் ஒன்று. துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளிடம் கேட்டுப் பழகிய றொக் இசையைத் தமிழில் பாடினார்கள். ஊரிலிருந்த பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். மற்றவர்கள் எல்லாரும் காதைக் கொடுத்தார்கள்.

அவர்கள் வெளியிட்டது ஒரே ஒரு ஒலிநாடாக் கசற். அது போதுமானதாக இருந்தது. சண்டைக் காலத்தில் சனம் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போனபோது அந்தக் கசற்றும் பெட்டிக்குள் இருந்து போனது. அதில் இரண்டாவது பாட்டில், சரணம் முடிகிற இடத்தில் யாரோ ஒருவர் இருமுவது கேட்கும். (பதிவு செய்த அன்று மண்டபத்தில் தூசு என்று சொல்வார்கள்.) கச்சான்ஸ் இரசிகர்கள் எந்த நாட்டில் எந்த மண்டபத்தில் அந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து இருமுவார்கள். இருமாதவர் எங்கள் ஆளில்லை.

அவர்களுடைய பெரிய பாட்டு 'பாயைச் சுருட்டாதே'. கடலில் நிற்கும் தோணிக்காரனிடம், காற்று இன்னும் இருக்கிறது, பாயைச் சுருட்டாதே என்று சொல்கிற பாட்டு. (காலையில் எழும்ப மறுக்கிற பிள்ளைகளும் இதைப் பாடுவதால் பல வீடுகளில் தடை செய்யப்பட்டிருந்தது.) அதில் 'காத்து இன்னும் இருக்கு' என்ற வரியில் 'கா' என்பதைப் பிடித்து றெஜி அண்ணை இழுப்பார் பாருங்கள், அந்த இழுவையில் கோணேசர் மலையிலிருந்து ஒரு கல்லை உருட்டிவிட்டு அது கடலில் விழுவதையும் பார்த்துவிட்டு வரலாம்.

பாடுகிறவர் றெஜினோல்ட், எங்களுக்கு றெஜி அண்ணை. எழுபதைத் தாண்டியவர், பல வருடங்களாக ரொறன்ரோவில் இருக்கிறார். ட்ரம்ஸ் அடிப்பவர் கிண்ணியா பாறூக் நானா. நாலாவதாகச் சேர்ந்தவர் காலமாகிவிட்டார், மூன்றாமவர் சிவம் மாஸ்டர் ஊரில்தான் இருக்கிறார். இந்த மூன்று பேரும் மறுபடி ஒரே மேடையில் ஏறப் போகிறார்கள், அதுவும் உட்துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் என்று செய்தி வந்த நாளில் நான் பாடசாலையில் சுகாதாரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு நடுவில் "ஐயோ!" என்று கத்தினேன். பிள்ளைகள் டெங்கு நுளம்பு கடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

எங்கள் இரசிகர் வட்ஸ்அப் குழுவில் றெஜி அண்ணை எங்கே தங்குவது என்று பெரிய சண்டை. ஹோட்டலில் போடுவோம் என்றார்கள் சிலர். "ஊருக்கு வாற மனுசனை ஹோட்டலிலை போடுறதோ? எங்கடை வீட்டிலை அறை இருக்கு, அற்றாச் பாத்றூம் இருக்கு, நான் இருக்கிறன்" என்று குரல் பதிவு அனுப்பினேன். மூன்றாவது காரணத்தை யாரும் அப்போது ஆபத்தாகப் பார்க்கவில்லை.

என் கணவர் அன்ரன் மட்டும் பார்த்தார். "என்னப்பா, உமக்கு அந்தாளைக் கண்டா கை நடுங்கும். கோப்பையைக் கையிலை குடுக்காதேயும்" என்றார்.

"எனக்கு நாப்பத்தாறு வயசு. நான் ஒரு ரீச்சர்" என்றேன்.

றெஜி அண்ணை வந்து இறங்கினார். திருகோணமலை வெயிலில் கறுப்புத் தோல் ஜக்கற், கறுப்புக் கண்ணாடி, தோளில் கிற்றார். வாகனத்திலிருந்து இறங்கும்போது மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஆண்டவரே" என்றார். அந்த "ஆண்டவரே" கூட எனக்குச் சுருதியோடு கேட்டது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நண்டு, கணவாய், பாரை மீன், பக்கத்து மீனவக் கிராமமான சல்லியிலிருந்து ஒரு இரசிகர் கொண்டுவந்து தந்த இறால் என்று கடலில் நீந்துகிற எல்லாவற்றையும் சமைத்து வைத்தேன். அவர் நண்டைக் கடித்துச் சப்பிச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து, "பாரப்பா, இந்த வயசிலும் என்ன பல்லு" என்று அன்ரனிடம் குசுகுசுத்தேன். என் வாயால் நான் சொன்ன வார்த்தை அது.

அடுத்த நாள்தான் நிகழ்ச்சி. விடிந்ததும் நான் வழக்கம் போல வீடு முழுக்க ஒரு சுற்று வந்தேன். இதற்கு என் தொழில்தான் காரணம். தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. பூச்சாடித் தட்டு, சிரட்டை, பிளாஸ்ரிக் மூடி எது கண்ணில் பட்டாலும் கவிழ்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. பிள்ளைகளுக்குப் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை என் வீட்டிலேயே செய்யாமல் இருக்கலாமா? றெஜி அண்ணை முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அவருடைய அறைக் கதவு திறந்திருந்தது. யன்னல் விளிம்பில் ஒரு சில்வர் ரம்ளர். அதற்குள் மங்கலாக ஏதோ தண்ணீர். எடுத்தேன். குசினிக்குப் போனேன். கழிவு வாளிக்குள் ஒரே கவிழ்ப்பு. 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நண்டுக் கோது என்று நினைத்தேன். வாளி நிறைய முதல் நாள் விருந்தின் நண்டுக் கோதுதான் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் குப்பை ட்ரக்டரின் சத்தம் கேட்க, நானே வாளியைக் கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தேன். சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு.

ட்ரக்டர் போய்க் கொஞ்ச நேரத்தில் றெஜி அண்ணை குசினி வாசலுக்கு வந்தார். துவாயால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஹங்கஷி, அந்ஹ லம்ளல் எங்கை?" என்றார்.

எனக்கு முதலில் பிரெஞ்சு மாதிரிக் கேட்டது. இரண்டாவது தடவை கையால் ரம்ளரின் உயரத்தைக் காட்டிக் கேட்டபோது, அவருடைய கன்னங்கள் உள்ளே போயிருப்பதைக் கண்டேன். அந்த 'டொக்' சத்தம் மறுபடி என் காதுக்குள் கேட்டது. இந்த முறை அது நண்டுக் கோதுச் சத்தமாக இல்லை.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் ஐம்பது வருடக் குரலுக்கு முன்னால் நின்றுகொண்டு "உங்கள் பல்லைக் குப்பையில் போட்டுவிட்டேன்" என்று சொல்லக்கூடிய இரசிகை இன்னும் பிறக்கவில்லை.

"கழுவ வச்சிருக்கு அண்ணை" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார்.

நான் அன்ரனைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். விசயத்தைச் சொன்னேன். அவர் கதவை இன்னொரு முறை இழுத்துச் சாத்தினார். பிறகு, "கீழ்வரிசையுமோ?" என்று கேட்டார்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் எண்ணிப் பாத்தே ஊத்தினனான்?"

"சரி, நீர் ட்ரக்டருக்குப் பின்னாலை போம். நான் அந்தாளைப் பாக்கிறன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். லிங்கநகரில் எத்தனை ஒழுங்கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ட்ரக்டர் ஒவ்வொரு ஒழுங்கையிலும் சத்தமாகக் கேட்கும், நான் போகிறபோது அடுத்த ஒழுங்கையில் நிற்கும். கடைசியில் பிரதான வீதிக்குத் திரும்புகிற இடத்தில் வைத்துக் குறுக்கே ஸ்கூட்டியை விட்டு மறித்தேன். ட்ரக்டர்காரர் பயந்துவிட்டார்.

"என்னக்கா? என்ன விழுந்தது?"

"ஒரு சாமான், தம்பி. வாளியோடை போட்டுது."

"என்ன சாமான்?"

என்னவென்று சொல்வது? றெஜி அண்ணையின் மானம் ஒரு பக்கம், நகரம் முழுக்க ஒட்டியிருந்த அவருடைய சிரித்த முகப் போஸ்ரர் ஒரு பக்கம். (அந்தப் போஸ்ரரில் முழுக்கப் பல்லுத்தான்.) "பெறுமதியான சாமான்" என்றேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது. பதற்றத்தில் போனதுதான், வேறொரு நினைப்பும் இல்லை. ஆனால் அதைப் பக்கத்து வீட்டு மேரி அக்கா பார்த்துவிட்டார். பாண் வாங்க வந்து வீதியோரத்தில் நின்றவர்.

"ஐயோ, கொடியோ?" என்று அலறினார். "ஜெனிற்றா ரீச்சரின்ரை தாலிக்கொடி குப்பைக்குள்ளை போட்டுது!"

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் மறுத்தால் பிறகு என்ன என்று கேட்பார்களே? பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கொடி என் கழுத்திலேயே கிடந்தது. மெல்லச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, ஸ்கூட்டிப் பெட்டிக்குள் கிடந்த மழைக்கோட்டை எடுத்து மாட்டிக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினேன். கச்சான் அடிக்கிற மாதத்தில், கொதிக்கிற வெயிலில், மழைக்கோட்டு. "அதிர்ச்சியிலை குளிருது போலை, பாவம்" என்றார் மேரி அக்கா.

ட்ரக்டரை ஒரு வெறுங்காணியின் ஓரமாக விட்டுப் பின்பக்கத்தைத் திறந்தார்கள். அதற்குள் அயல் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. இலைகளை ஒதுக்குவதற்கு ஈர்க்குமாறு கொண்டுவந்தார் ஒருவர், தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார் ஒருவர். எல்லாரும் தங்கத்தைத் தேடினார்கள். நான் ஒருத்தி மட்டும் பல்லைத் தேடினேன். மஞ்சளாக மின்னுகிற எதைக் கண்டாலும் அவர்கள் கூவினார்கள், வெள்ளையாகத் தெரிகிற எதைக் கண்டாலும் நான் பாய்ந்தேன். வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் நண்டுக் கால், முட்டைக் கோது, உள்ளித் தோல். ஒரு இடத்தில் வரிசையாகப் பல்லுத் தெரிந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். உடைந்த சீப்பு.

இடையில் மாமி போன் எடுத்தார், நிலாவெளியிலிருந்து. "பிள்ளை, கொடியைத் துலைச்சுப் போட்டீராம்?" செய்தி அங்கே போக எடுத்த நேரத்தில் என்னால் மழைக்கோட்டின் மேல் பொத்தானைக் கூடப் பூட்டியிருக்க முடியாது. அதற்குப் பிறகு பாதர் எடுத்தார். தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் அந்தோனியாரை மன்றாடச் சொன்னார். நான் மன்றாடினேன். "அந்தோனியாரே, அவங்கள் கேக்கிறதைக் குடுக்க வேண்டாம், நான் கேக்கிறதைத் தாரும்" என்று தெளிவாகச் சொன்னேன். பரலோகத்தில் குழப்பம் வந்துவிடக் கூடாது.

ட்ரக்டரின் அடிவரைக்கும் கிளறியாயிற்று. பல் இல்லை. கடற்கரைக் காகங்கள் நாலைந்து மதிலில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சிரித்த மாதிரி எனக்குத் தெரிந்தது. களைத்துப் போய், மீன் வெடிலோடு, வேர்வையில் அவிந்து வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில் அன்ரன் தன்னால் ஆன விருந்தோம்பலைச் செய்துகொண்டிருந்தார். மனிதர் எதைச் சாப்பிடுவார் என்று யோசித்து யோசித்து, இடியப்பத்தைச் சொதியில் போட்டுக் கூழாகப் பிசைந்து, வாழைப்பழத்தை மசித்து, சத்துமாவைக் கரைத்து வரிசையாக வைத்திருந்தார். றெஜி அண்ணை ஒவ்வொன்றையும் மரியாதையாகக் குடித்து முடித்திருந்தார். பாறூக் நானாவும் வந்து பக்கத்தில் இருந்தார். நிகழ்ச்சியைப் பற்றி அவர் எதைக் கேட்டாலும் றெஜி அண்ணை வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"பாத்தீங்களா தங்கச்சி" என்றார் பாறூக் நானா என்னிடம், மிகுந்த மரியாதையோடு. "குரலைச் சேமிக்கிறார். பெரிய பாடகர்மாரெல்லாம் இப்பிடித்தான். நான் அந்தக் காலத்திலயே சொன்னனான், இந்தாளுக்கு ஒழுக்கம் இருக்கெண்டு."

அவர் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் றெஜி அண்ணையின் கதிரைக்கு முன்னால் போய் நின்றேன். வழி நெடுக ஒத்திகை பார்த்த நாகரிகமான வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணை, உங்கடை பல்லை நான் குப்பையிலை போட்டிட்டன். தேடிப் பாத்தனான். கிடைக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. ஊரே உங்களைப் பாக்க வருகுது. நான்... நான் சின்ன வயசிலை இருந்து..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது. ஒரு நாப்பத்தாறு வயது ரீச்சர் மழைக்கோட்டுக்குள் நின்று அழுவது பார்க்கச் சகிக்காது என்று பிறகு அன்ரன் சொன்னார்.

றெஜி அண்ணை துவாயை வாயில் வைத்தார். தோள்கள் குலுங்கின. ஐயோ, அவரும் அழுகிறார், ஐம்பது வருட வாழ்க்கையை நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். துவாயை எடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தார். பல் இல்லாமல் ஒரு மனிதர் அவ்வளவு அழகாகச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெல்ல எழும்பி அறைக்குள் போனார், சூட்கேசைத் திறக்கும் சத்தம் கேட்டது, திரும்பி வந்தபோது வாய் நிறையப் பல்லோடு வந்தார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இது பழைய செற், தங்கச்சி" என்றார், பழைய குரலில். "எங்கை போனாலும் கொண்டு போறனான்."

"அண்ணை! இது இருக்கெண்டு காலமையே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கழுவ வச்சிருக்கெண்டு சொன்னனீங்கள். சரி, கழுவட்டும் எண்டு இருந்தனான். நேரம் போகப் போக, எங்கடை ஊர்ப் பிள்ளையள் என்ன சுத்தம், என்ன சுத்தம் எண்டு நினைச்சுக்கொண்டனான்."

அன்ரன் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த நிமிடத்தில் வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? மழைக்கோட்டைக் கழற்றினேன். உலகத்தில் உள்ள காற்றெல்லாம் ஒன்றாக வந்து மேலில் பட்ட மாதிரி இருந்தது.

"ஒண்டு மட்டும் சொல்லோணும்" என்றார் றெஜி அண்ணை. "கீழ்வரிசை நல்ல பிள்ளை. மேல்வரிசை கொஞ்சம் தன்ரை எண்ணத்துக்கு நடக்கும். வாயைப் பெரிசாத் திறந்தா இறங்கப் பாக்கும். அதாலைதான் புதுசு கட்டினனான்."

மழைக்கோட்டை மறுபடி போட வேண்டும் போல இருந்தது.

பின்னேரம் மைதானத்துக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. மூதூரிலிருந்து பஸ் பிடித்து வந்த குடும்பங்கள், கிண்ணியாவிலிருந்து பாறூக் நானாவின் சொந்தக்காரர் ஒரு படை, சல்லியிலிருந்து சைக்கிளில் வந்த மீனவர்கள், சீனன்குடாவில் வேலை முடித்து உடுப்பு மாற்றாமலே வந்தவர்கள், லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் லீவு எடுத்து வந்தவர்கள். ஒருவர் ஊன்றுகோலில் 'கச்சான்ஸ்' என்று பெயின்ரால் எழுதியிருந்தார். இரண்டு அம்மாமார், ஒரே மாதிரி ரீ ஷேர்ட்டைச் சீலைக்கு மேல் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். இந்த ஊரில் இத்தனை விதமான ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்று நான் கண்டதில்லை. அவ்வளவு பேரும் பார்க்கப் போவது அந்த மேல்வரிசையைத்தான்.

உட்துறைமுகத்தின் மேல் வெயில் சாயத் தொடங்கியபோது மூன்று பேரும் மேடை ஏறினார்கள். எழுந்த சத்தத்தில் கொக்குகள் கிளம்பிப் பறந்தன. முதல் பாட்டை றெஜி அண்ணை வாயை அதிகம் திறக்காமல், அடக்கி, ஒரு இரகசியம் சொல்வது மாதிரிப் பாடினார். எனக்குப் பின்னால் இருந்தவர் தன் மனைவியிடம், "பாரும், வயசோடை குரல் எவ்வளவு பக்குவப்பட்டுட்டுது" என்றார். இரண்டாவதாக அந்த இருமல் பாட்டு, சரணம் முடிந்தது. மைதானம் முழுக்க ஒன்றாக இருமியது. மேடையில் சிவம் மாஸ்டர் பாறூக் நானாவைப் பார்த்தார், பாறூக் நானா "நான் இல்லை" என்று குச்சியை ஆட்டினார். சனம் சிரித்துச் சிரித்து அழுதது. நான் மட்டும் சிரிக்கவில்லை. 'ஆ'காரம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் அன்ரனின் கையை நெரித்துக்கொண்டிருந்தேன். "கையை விடுமப்பா, அவருக்குப் பல்லு விழ முந்தி எனக்கு விரல் விழுந்திடும்" என்றார்.

கடைசியாக 'பாயைச் சுருட்டாதே'. முதல் கிற்றார்த் தட்டுக்கே எல்லாரும் எழும்பிவிட்டார்கள். நான் மட்டும் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பல்லவி போனது. சரணம் போனது. பாட்டு ஏறி ஏறி அந்த இடத்துக்கு வந்தது. அடக்கிப் பாடலாம் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். ஆனால் அவ்வளவு சனத்தைக் கண்ட பிறகு எந்தப் பாடகரால் அடக்க முடியும்? கண்ணை மூடினார், தலையை நிமிர்த்தினார், அந்தப் பழைய றெஜினோல்ட்டாக வாயை முழுக்கத் திறந்தார்.

"கா..."

கண்டேன். முன்வரிசையிலிருந்து நான் என் கண்ணால் கண்டேன். மேல்வரிசை இறங்கியது.

பட்டென்று வாயை மூடினார். கையால் வாயைப் பொத்தி, தலையைக் குனிந்து, அப்படியே நின்றார்.

பாறூக் நானாவும் சிவம் மாஸ்டரும் ஒன்றும் விளங்காமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். குரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. எல்லாம் முடிந்தது, நாளைக்கு நான் வேலையை விட்டுவிட்டு மாமியோடு நிலாவெளியில் போய் ஒளிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து யாரோ ஒருவர் அந்தக் 'கா'வைப் பிடித்தார். சல்லிப் பக்கத்து ஆள் என்று நினைக்கிறேன், காற்றுக்கு எதிராகக் கத்திப் பழகிய குரல். அடுத்து முன்வரிசை அம்மாமார் பிடித்தார்கள். அடுத்த கணம் மைதானமே பிடித்தது. என்னை அறியாமல் நானும் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தேன். கசற்றில் அந்த இழுவையின் நடுவில் நாடா இழுபட்டுக் குரல் கொஞ்சம் நெளியும். சனமும் அந்த இடத்தில் நெளிந்து பாடியது, ஒருவர் பிசகவில்லை. எத்தனையோ வருடம், எங்கெங்கோ நாடுகளில், எந்தெந்தக் குசினிகளிலும் பஸ்களிலும் இருந்து தனித்தனியாகப் பாடிப் பழகியவர்கள், எங்கே மூச்செடுப்பது என்று ஒருவரையொருவர் பார்க்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். 'காத்து இன்னும் இருக்கு' என்று முடித்தபோது அந்தக் கடைசி எழுத்து துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

மேடையில் றெஜி அண்ணை வாயைப் பொத்தியபடி நின்றார். தோள்கள் குலுங்கின. எனக்கு அந்தக் குலுக்கல் தெரியும், மத்தியானம்தான் பார்த்திருந்தேன். ஆனால் கன்னத்தில் வழிந்தது சிரிப்பில் வந்த கண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. பிறகு மெல்லத் திரும்பி, சனத்துக்கு முதுகு காட்டி, ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். விசயம் விளங்கிய பாறூக் நானா, அவர் மேல்வரிசையைச் சரி பண்ணி முடிக்கும்வரை தனியாக ஒரு அடி அடித்தார் பாருங்கள், அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் சிறந்த வாசிப்பு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அடுத்த கிழமை ஒரு பத்திரிகை, 'இரசிகர் அன்பில் நாத்தழுதழுத்துப் பாட முடியாமல் நின்ற கலைஞர்' என்று படத்தோடு போட்டது. பாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், அன்பு மிகும்போது வார்த்தை நின்றுவிடுகிறது என்று அதையே எடுத்துச் சொன்னார். அன்ரன் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அதே பூசையில்தான் மேரி அக்கா என் கழுத்தில் கொடியைக் கண்டார். அவர் என் கொடிக்காக அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தாராம். கோயில் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து "அந்தோனியாரின்ரை புதுமை! புதுமை!" என்று அழுதார். அன்றிலிருந்து அந்தோனியார் திருநாளுக்கு வருடா வருடம் பாண் பங்கிடுகிறேன். புனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவள்தான், என்னத்துக்கு என்பது எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கட்டும்.

மைதானத்தில் எடுத்த வீடியோ நாடு நாடாகப் போனது. றெஜி அண்ணை ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய்ப் புதுப் பல்லுக் கட்டினார். முதல் தரமான செற், நண்டென்ன, நங்கூரத்தையே கடிக்கலாம் என்று போனில் சொன்னார். பிறகு அங்கே ஒரு நிகழ்ச்சி. அந்த இடம் வந்ததும் மனிதர் ஆசையோடு வாயைத் திறந்திருக்கிறார். சனம் விடவில்லையாம். "நீங்கள் நில்லுங்கோ அண்ணை, நாங்கள் பாடுறம்" என்று கத்தி, தாங்களே பாடி முடித்துவிட்டார்களாம். லண்டனிலும் அதே கதை. இப்போது கச்சான்ஸ் பாடுகிற இடமெல்லாம் அது ஒரு சடங்காகிவிட்டது. 'கா' வரும், அவர் வாயைப் பொத்தித் தலை குனிய வேண்டும், மற்றதைச் சனம் பார்த்துக்கொள்ளும்.

நத்தாருக்கு நத்தார், பாலன் பிறந்த வாழ்த்துச் சொல்லப் போன் எடுப்பார். ஸ்பீக்கரில் போட்டு வீடே சுற்றி இருந்து கேட்கும். ஒவ்வொரு முறையும் ஒரே முறைப்பாடுதான்.

"தங்கச்சி, வாய் நிறையப் பல்லு இருக்கு, தொண்டை நிறையக் குரல் இருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் என்னைப் பாட விடுறாங்களில்லை. நீங்கள்தான் ஏதாவது செய்யோணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரன் முந்திக்கொள்வார்.

"ஒண்டும் யோசியாதேங்கோ அண்ணை. ஊருக்கு வாங்கோ. ஜெனி பாத்துக்கொள்ளுவா."

மறுமுனையில் ஒரு செருமல் கேட்கும். பிறகு றெஜி அண்ணை, அடுத்த முறை தான் ஹோட்டலிலேயே தங்கிக்கொள்வதாக மிகவும் பணிவாகச் சொல்வார்.